காஸ் துணியில் கட்டிய மானிட்டர்



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று யூனியன் செயலாளர் கேட்டதும், நம் துறையில் பாதிப் பேர் ரோபோ பற்றியும் மீதிப் பேர் செயற்கை நுண்ணறிவு பற்றியும் எழுத உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள்!

போன வருஷம் எங்கள் தாத்தாவுக்கு மூச்சுத் திணறல். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உடம்பு, திடீரென்று படுத்துவிட்டது. வடசென்னையில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். டாக்டரும் சிஸ்டர்களும் தங்கமானவர்கள், அதில் குறையே சொல்ல மாட்டேன். ராத்திரித் துணைக்கு நான். கட்டில் பக்கத்தில் மானிட்டர் இருந்தது. எதன்மேல் தெரியுமா? ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல்! விழாமல் இருக்க காஸ் துணியை முறுக்கிக் கயிறாக்கி, கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். சிரிஞ்ச் பம்ப் ஜன்னல் திண்டில். சுவரில் இருந்த ஒரே பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இறங்கி, கட்டிலுக்கு அடியில் ஈரத் தரையில் கிடந்தது. அதில் மானிட்டர், பம்ப், பக்கத்துக் கட்டில் நெபுலைசர், யாருடையதோ ஒரு செல்போன் சார்ஜர்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையாக வந்த பெரியவர், போனுக்குச் சார்ஜ் போட இடம் தேடி ஒரு டாப்பைப் பிடுங்கினார். அது பம்புடையது. உடனே பம்ப் தன் பாட்டரியில் ஓட வேண்டும் இல்லையா? பாட்டரி எப்போதோ செத்துப் போயிருந்தது. 'பீப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் ஓடிப்போய் சிஸ்டரை எழுப்பினேன். "நீ முழிச்சிருந்த, நல்லதாப் போச்சு தம்பி" என்றார் அவர். தாத்தா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஊரிலிருக்கும் மகனுக்கு அவர் தகவல் சொல்ல வேண்டும். அவருக்கென்று ஒரு பிளக் வைக்காமல் விட்டது யார் தப்பு?

நம்ம பேசின் பிரிட்ஜ் யார்டைப் பாருங்கள். ரயில் பெட்டிக்குக் கீழே பாட்டரிப் பெட்டி தொங்குகிறது. நூற்றுக்கணக்கான கிலோ எடை. டில்லி வரை குலுங்கிப் போய்த் திரும்பி வருகிறது. போல்ட், லாக் நட், அது போனாலும் தாங்க ஒரு பாதுகாப்புப் பட்டை. 'ஏதாவது ஒன்று கழன்றுபோகும்' என்று முதலிலேயே நினைத்துச் செய்த வேலை அது. அந்தக் காலத்தில் சென்னைக்கே கரண்ட் கொடுத்த ஊர் இது. இந்த ஊர்க்காரனுக்கு மானிட்டரைக் காஸ் துணியில் கட்டி வைப்பதைப் பார்த்தால் வயிறு எரியாதா?

"பொருள் விழுந்தால் உடையும், வேறென்ன?" என்பவர்களுக்கு ஒரு விஷயம். சிரிஞ்ச் பம்பை எந்த உயரத்தில் மாட்டுகிறோம் என்பதே வைத்தியத்தில் சேர்த்தி. நோயாளியின் நெஞ்சு மட்டத்தைவிட நன்றாக மேலே வைத்து, சிரிஞ்சின் பின்தண்டு சரியாகப் பிடிக்கப்படாமல் இருந்தால், மோட்டார் தள்ளாமலே மருந்து தன் எடையில் இறங்கிவிடும். பிளம்பர் டியூப் போட்டு டேங்கிலிருந்து தண்ணீர் இறக்குவாரே, அதே சைஃபன்தான். ஓடிக்கொண்டிருக்கும் பம்பைச் சட்டென்று மேலே தூக்கினால் கொஞ்சம் மருந்து கூடுதலாகப் போகும், கீழே இறக்கினால் கொஞ்ச நேரம் நிற்கும். இரத்த அழுத்த மருந்து ஓடும்போது அந்தக் 'கொஞ்சம்' சாதாரணமில்லை. ஜன்னல் திண்டு இருக்கும் உயரத்தில் பம்பை வைப்பது என்ன நியாயம்?

அடுத்து எர்த். ஒவ்வொரு கருவியிலும் ஒரு துளி கசிவு மின்சாரம் இருக்கத்தான் செய்யும், அது எர்த் ஒயர் வழியாகப் போய்விடும். நான்கு கருவியை ஒரே பாக்ஸில் செருகினால் நான்கின் கசிவும் அந்த ஒற்றை ஒயரில் சேர்கிறது. கட்டில் சக்கரம் ஏறி ஏறி அந்த ஒயர் உள்ளே அறுந்துபோனால்? நமக்கு 'சுர்' என்று தெரிய சுமார் 1 மில்லி ஆம்பியர் வேண்டும். இதயத்தைத் தொடும் குழாய் போட்டிருக்கும் நோயாளிக்கு, கருவி நல்ல நிலையில் இருக்கும்போது சர்வதேசத் தரம் அனுமதிப்பது 10 மைக்ரோ ஆம்பியர். நூறில் ஒரு பங்கு! அந்த அளவை வைத்தியருக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது, யாருடைய விரலுக்கும் தெரியாது. லேபில் இருப்பது போன்ற மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். ஒயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அது 'எல்லாம் சரி' என்றுதான் காட்டும். 25 ஆம்பியர் வரை ஓட்டிப் பார்க்கும் டெஸ்டர் வேண்டும்.

தீ விபத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2021 ஜனவரி 9, மகாராஷ்டிராவில் பண்டாரா மாவட்ட மருத்துவமனை: 10 பச்சைக் குழந்தைகள். 2024 நவம்பர் 15, ஜான்சி மருத்துவக் கல்லூரி: அன்று இரவே 10 குழந்தைகள். இரண்டிலும் மின்கோளாறுதான் காரணமாகப் பேசப்பட்டது. நம் சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் பழைய கட்டடத்தில் 2022 ஏப்ரல் 27-ல் தீப்பிடித்தபோது நோயாளிகளை உயிரோடு வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். தளர்ந்த பிளக் சூடாகும். பக்கத்தில் ஆக்சிஜன் கசிந்தால் சின்னப் பொறியும் பெருந்தீயாகும். இதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

'சக்கரம் வைத்த ஸ்டாண்ட் வாங்கினால் தீர்ந்தது' என்பார்கள். பாதி உண்மை. மேலே கனம், கீழே மூன்று சக்கரம் என்றால் வாசல்படியில் குப்புற விழும். இடம்பெயர்க்கும் நிலையில் 10 டிகிரி சாய்த்தாலும் கவிழக்கூடாது என்பது தரவிதி. கடையில் வாங்கும்போது அதை யார் சாய்த்துப் பார்க்கிறார்கள்?

சுவரில் மாட்டுவதும் லேசில்லை. 4 கிலோ மானிட்டர், 40 செ.மீ. நீளக் கை, போல்ட்டுகளின் இடைவெளி 10 செ.மீ. என்று வையுங்கள். மேல் போல்ட்டை வெளியே இழுக்கும் விசை 16 கிலோ. எழுந்திருக்கும் நோயாளி அதைப் பிடித்துக்கொண்டு 20 கிலோ பாரம் கொடுத்தால்? 96 கிலோ! பழைய ராயபுரத்துக் கட்டடங்களின் சுண்ணாம்புக் காரைச் சுவரில் ஆங்கர் போல்ட் அதைத் தாங்குமா? எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்று வேறு. சாதா இரும்பு கிளாம்ப் இரண்டே மழைக்காலத்தில் துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிரும். அப்ளைடு மெக்கானிக்ஸ் பேப்பரில் பத்து மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்துபோகிற கணக்கு இதுதான்.

அதனால் நான் கேட்பது இரண்டு. நமக்குப் பக்கத்தில் ஸ்டான்லி இருக்கிறது. வயசானவர்களுக்கு அது இன்னும் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி'. 1938-லேயே மருத்துவக் கல்லூரியானது. 1961-ம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தை 1973-ல் திருத்தி நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்களையும் சேர்த்தார்கள். ஃபேக்டரிக்கு மட்டும் ஏன் போக வேண்டும்? பெரிய மருத்துவமனைகளுக்கும் நம்மை அனுப்பச் சொல்லி யூனியன் மனு கொடுக்க வேண்டும். இன்னொன்று, கடைசி வருஷ புராஜெக்ட். தடையைப் பார்த்தால் திரும்பும் ரோபோ வண்டியை வருஷா வருஷம் செய்கிறோம். விழா முடிந்ததும் அது பரணில் போகிறது. அதற்குப் பதில் ஒரு பிராக்கெட் செய்தால் என்ன?

டிராயிங் போட்டுவிட்டேன். 3 மி.மீ. துருப்பிடிக்காத ஸ்டீல் தகடு, மானிட்டருக்கு 75, 100 மி.மீ. இடைவெளியில் துளைகள், எம்4 திருகு, கட்டில் குழாயைப் பிடிக்க ரப்பர் வைத்த கிளாம்ப். பாக்ஸ் தரையைத் தொடாமல் தொங்க ஒரு கொக்கி. பம்பின் டாப்பை யாரும் பிடுங்காமலிருக்க ஒரு மூடி, பக்கத்திலேயே செல்போனுக்குத் தனி பிளக். நாமே போய் மாட்டிவிட முடியாது, மருத்துவமனை பயோமெடிக்கல் இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான். எனக்கு வெல்டிங் சுமார்தான். மெக்கானிக்கல் தோழர்கள் யாராவது சனிக்கிழமை மதியம் ஒர்க்ஷாப் பக்கம் வந்தால், கிளாம்ப்பை அன்றைக்கே முடித்துவிடலாம்.