உச்சந்தலையும் ஊமை வியாபாரமும்

தென்காசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் ஒரு காற்று அடிக்கும். சாரல் நாட்களில் ஆளையே தள்ளும். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். எனக்கு இரண்டு வருஷமாக இன்னொரு கையும் தேவைப்பட்டது. இடது காதுக்கு மேலிருந்து வாரி எடுத்து உச்சந்தலையை மூடி வைத்திருந்த நாலு முடியைப் பிடித்துக்கொள்ள.

கருவூலத்தில் 34 வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். வயது 64. "இந்த வயசுல முடி எதுக்குங்கேன்?" என்று வீட்டுக்காரி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆசைக்கு ஓய்வூதிய ஆணை யாரும் கொடுப்பதில்லையே. சலூன் தம்பி, "அண்ணாச்சி, உச்சியில காத்தாட ஆரம்பிச்சிட்டு, ஒரு ஸ்ப்ரே இருக்கு, அடிச்சுப் பாருங்க" என்றான். மறுநாளே மருந்துக்கடையில் நின்றேன். இது நடந்தது போன வைகாசியில்.

கடையில் நடந்த உரையாடலை அப்படியே எழுதுகிறேன்.

"முடி வளர்ற ஸ்ப்ரே இருக்கா தம்பி?"

"மினாக்சிடில் அஞ்சு பர்சென்ட். எழுநூத்திச் சொச்சம். ஜிபே பண்ணுதியளா, கேஷா?"

முடிந்தது. மேற்கொண்டு அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த மௌனத்தைப் பற்றித்தான்.

முதலில் மருந்துக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். மினாக்சிடில் ஏமாற்று மருந்து இல்லை. அது பிறந்தது தலைமுடிக்காகவே இல்லை. ரத்தக் குழாய்களை விரித்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையாக 1979-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் முடி முளைத்தது. பக்கவிளைவையே சரக்காக்கி, தலையில் தடவும் திரவமாக 1988-ல் கொண்டுவந்தார்கள். முடி வேரின் வளரும் பருவத்தை இது நீட்டித்துக் கொடுக்கிறது. பரம்பரை வழுக்கையில், அதுவும் உச்சந்தலையில், பலருக்கு ஓரளவு பலன் உண்டு. எல்லோருக்கும் இல்லை.

ஒரு தடவைக்கு 1 மில்லி, காலையும் ராத்திரியும். 60 மில்லி பாட்டில் முப்பது நாளைக்கு. மூன்றாவது வாரம் சீப்பைப் பார்த்து நெஞ்சு திக்கென்றது. இருந்த முடியும் கொத்தாக வந்தது. ஓய்வில் இருக்கிற பழைய முடிகளைத் தள்ளிவிட்டுப் புது முடி வளர இடம் பண்ணும் வேலை அது, சில வாரத்தில் நின்றுவிடும் என்பது பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரியாது. கடையில் ஒரு வரி சொல்லியிருந்தால் ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அப்போதுதான் என் பழைய ஆபீஸ் நண்பர் வந்தார். "என்ன வேய், இங்கிலீஷ் மருந்தைத் தேய்ச்சு உள்ளதையும் தொலைச்சிட்டீரே! குற்றாலத்துக்கு வாரும்" என்று வண்டியில் ஏற்றினார். ஆனி மாசம், நல்ல சீசன். ஐந்தருவியில் தலையைக் கொடுத்தோம். அந்தத் தண்ணீர் மண்டையில் இடி மாதிரி விழும்போது எந்தக் கவலையும் நிற்காது. அதற்குமேல் அது முடியும் வளர்க்கும் என்று எதிர்பார்ப்பது அருவிக்குச் செய்கிற அநியாயம்.

ஒரு காலத்தில் அருவிக்கரையிலேயே எண்ணெய் தேய்த்துவிடுவார்கள். எண்ணெய், சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்ன பிறகு அருவியை விட்டு எண்ணெய் விலகியது. கடைகளை விட்டு விலகவில்லை. மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்திருக்கும் கடைகளுக்கு நடுவே ஒரு மூலிகை எண்ணெய்க் கடை. முழங்கால் வரை கூந்தல் தொங்கும் ஒரு பெண்ணின் படம். "சார், 48 நாள். வழுக்கையில புல்லு மாதிரி முளைக்கலன்னா பணம் வாபஸ்." நாற்பத்தெட்டாம் நாள் அந்தக் கடை அங்கே இருக்குமா என்று நான் கேட்டேன். நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது.

கரிசலாங்கண்ணியையும் நெல்லிக்காயையும் நான் குறை சொல்லவில்லை. என் அம்மா காய்ச்சிய எண்ணெயின் வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. எண்ணெய் முடியைப் பளபளப்பாக்கும், சிக்கு விழாமல், உடையாமல் காக்கும். பரம்பரை வழுக்கையில் சுருங்கிப்போன வேரை அது எழுப்பிவிடாது. 1945-ம் வருஷத்து மருந்து, அழகுசாதனப் பொருள் விதிகளில் 'ஜே' என்று ஓர் அட்டவணை உண்டு. இன்னின்னதைத் தடுப்பேன், குணமாக்குவேன் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற பட்டியல் அது. புற்றுநோய், எய்ட்ஸ் இருக்கும் அதே பட்டியலில் வழுக்கையும் இருக்கிறது. புது முடி வளர வைப்பதும் இருக்கிறது. சட்டம் தாளில் இருக்கிறது, படம் கடை வாசலில் தொங்குகிறது.

ஆக, ஒருவர் பொய் சொல்லி விற்கிறார், இன்னொருவர் வாயே திறக்காமல் விற்கிறார். குற்றாலத்துப் பொய்யை நான் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டேன். தென்காசி மௌனத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. எனக்கு இப்போது எதன்மேல் கோபம் அதிகம் என்று கேட்டால், மௌனத்தின்மேல்தான்.

ஏனென்றால் மருந்து வேலை செய்தது. ஐப்பசியில் உச்சந்தலையில் பூனை முடி மாதிரி முளைத்து, கொஞ்சம் கருத்தும் வந்தது. பேராசை பிடித்தது. ஒரு மில்லி அடிக்க வேண்டிய இடத்தில் இரண்டு மடங்கு அடித்தேன். பத்து நாளில் எழுந்து நின்றால் கண் இருட்டியது, படுத்தால் நெஞ்சு படபடத்தது. திருநெல்வேலியில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன்.

அவர் முதலில் கேட்டது: "பிரஷர் மாத்திரை சாப்பிடுறீங்களா?" ஆறு வருஷமாகச் சாப்பிடுகிறேன். தடவும் மருந்தில் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும், ஆனால் அளவுக்கு மீறி அடித்தால் கூடுதலாகச் சேரும், பிரஷர், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்றார்.

இரண்டாவது கேள்வியில்தான் எனக்கு வியர்த்தது. "வீட்ல கைக்குழந்தை இருக்கா சார்?"

இருந்தான். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். நாலு மாசப் பேரன். ராத்திரி அழுதால் நான்தான் தோளில் போட்டு நடப்பேன். ஸ்ப்ரே அடித்த கையோடு. அவன் என் தலையில் முகத்தை வைத்துத் தூங்குவான். என் தலையணையில் உருளுவான். என் மண்டையைச் சப்புவான், நாங்கள் சிரிப்போம்.

ஸ்பெயின் நாட்டில் நவாரா என்ற பகுதியில் இப்படி ஒரு குழந்தைக்கு முதுகிலும் தொடையிலும் காலிலும் முடி வளர்ந்ததாம். குழந்தையைப் பார்த்துக்கொண்ட தகப்பனார் இதே ஐந்து சதவீத மருந்தைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் நிறுத்திய பிறகு குழந்தைக்குச் சரியாகிவிட்டது. இதை டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். "பூனை வளர்த்தாலும் ஜாக்கிரதை, அதுக்கு இது விஷம்" என்றும் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பி வந்தது எனக்கு நினைவில்லை. வந்ததும் சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினேன், தலையணை உறையைத் துவைக்கப் போட்டேன், பாட்டிலைக் கட்டிக் குப்பையில் போட்டேன். அதன் பிறகு இரண்டு மாதம், காலையில் பேரன் கண் விழிக்கும் முன்னே அவன் நெற்றியையும் முதுகையும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பேன். பச்சைக் குழந்தைக்கு இயல்பாகவே இருக்கும் பூமுடியைப் பார்த்தும் பயப்படுவேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மகளிடம் இன்று வரை முழுசாகச் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

"எல்லாம் பெட்டிக்குள்ள தாள்ல போட்டிருக்கே சார்" என்பார்கள். போட்டிருந்தது. பழைய மூக்குக்கண்ணாடிக்குப் புலப்படாத எறும்பெழுத்தில், இங்கிலீஷில், எட்டாக மடித்து. ஒரு கையெழுத்து குறைந்தால் பில்லைத் திருப்பி அனுப்பிய நான், அந்தத் தாளைப் பிரிக்காமலே பெட்டியோடு எறிந்தேன். என் தப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வாங்குகிறவன் அசடாக இருக்கலாம், விற்கிறவர் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்லவா? மருந்துக்கடையில் பார்மசிஸ்ட் இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்தது கல்லாவுக்குக் காவல் இருக்கவா?

"கூட்ட நேரத்துல எல்லாருக்கும் பாடம் நடத்த முடியுமா?" என்பார்கள். பாடம் வேண்டாம், மூன்று கேள்வி போதும். பிரஷர், இருதயக் கோளாறு உண்டா? வீட்டில் கைக்குழந்தை உண்டா? நிறுத்தினால் வளர்ந்ததெல்லாம் சில மாதத்தில் போய்விடும், தெரியுமா? ஒரு நிமிஷம்கூட ஆகாது. மூன்றாவது கேள்விதான் வியாபாரத்துக்கு இடிக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். மாதம் 700 என்றாலும் வருஷத்துக்கு 8,400. பத்து வருஷத்துக்கு 84,000. இது மருத்துவச் செலவு இல்லை, முடிக்குக் கட்டுகிற வாடகை. வாடகை கட்ட மனசிருப்பவர் தாராளமாகக் கட்டட்டும். என்ன வாடகை, எத்தனை வருஷம் என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுங்கள் என்கிறேன்.

தாளைத் தமிழில் அச்சிடுங்கள். தீப்பெட்டி லேபிளைக்கூடக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அச்சடிக்கத் தெரிந்த சீமை இது.

பங்குனி வந்துவிட்டது. ஐப்பசியில் முளைத்ததெல்லாம் போய்விட்டது, கூடவே இழுத்து மூடிய நாலு முடியையும் வெட்டச் சொல்லிவிட்டேன். போன வெள்ளிக்கிழமை பேரனைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கோபுர வாசலில் அதே காற்று. ஒரு கையில் வேட்டி, இன்னொரு கையில் அவன். என் மண்டையில் பளார் என்று ஓர் அடி வைத்துவிட்டு, பிறகு வாயை வைத்துச் சப்பினான்.

சப்பட்டும் என்று விட்டுவிட்டேன்.