நேயர் விருப்பம் என்றால் கேட்டவர் பெயர் எங்கே?

தொலைக்காட்சியில் ஓர் இசை அலைவரிசை 'நேயர் விருப்பம்' என்று தலைப்புப் போட்டு வரிசையாகப் பாடல்களை ஒளிபரப்பியது. எந்த நேயர், எந்த ஊர் என்று கடைசிவரை சொல்லவில்லை. இணையத்தில் அதிகம் பார்க்கப்பட்டவற்றை அடுக்கி, மேலே அந்தத் தலைப்பை ஒட்டிவிட்டார்கள். இதை ஏற்க முடியாது. ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியன் நான். வானொலிக்கு நேயர்கள் எழுதிய விருப்பங்கள் என் கை வழியாகப் போனவை.

எண்பதுகளில் கோவில்பட்டிப் பக்கம் வேலை பார்த்தேன். அஞ்சலட்டை 15 காசு. பெட்டியைத் திறந்து கொட்டினால் வானொலி நிலையத்துக்குப் போகிற அட்டைகள் பார்த்தவுடன் தெரியும்: பாட்டு, படம், பாடியவர்கள், கீழே பெயர்கள். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரே அட்டையில் நுணுக்கி எழுதுவார்கள். எழுதத் தெரியாத அம்மாக்களுக்கு நாங்களே எழுதிக் கொடுத்ததும் உண்டு. வானொலியில் அந்தப் பெயர்களை வாசித்து முடிக்கவே நேரம் பிடிக்கும். பாட்டைப் பாதியில் நிறுத்தினாலும் யாரும் கோபித்ததில்லை, பெயர் வந்துவிட்டதே!

அந்த விருப்பத்துக்கு வலு இருந்தது. 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பிறகு அகில இந்திய வானொலியில் திரையிசை ஓரங்கட்டப்பட்டது. மக்கள் வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். போனவர்களைத் திரும்ப இழுக்கத்தான் 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதி என்ற பொழுதுபோக்குச் சேவையைத் தொடங்கினார்கள்.

கட்டுக்கட்டாக அட்டை போட்டுப் பெயரை வரவழைத்தவர்களும் இருந்தார்கள். இன்று ஜார்க்கண்டில் இருக்கும் ஜும்ரி தலையா அதற்காகவே நாடெங்கும் பேர் வாங்கிய ஊர். ஆகவே, அட்டைகள் ஊராரின் ரசனையைச் சரியாக அளந்தன என்று வாதாட மாட்டேன். ஆனால் ஒவ்வோர் அட்டைக்கும் பின்னால் காசு கொடுத்து, பாட்டை யோசித்து, தன் பெயரைப் போட்ட ஓர் ஆள் இருந்தார். இன்று டீக்கடையில் ஒரு பாட்டு முடிந்ததும் கைப்பேசிச் செயலி தானாகவே அடுத்ததைப் போடுகிறது. அதுவும் கணக்கில் ஏறுகிறது. அதை அங்கே ஒருவரும் கேட்கவில்லை, நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

இதில் அடிபடுவது பழைய பாட்டுகள். அன்று மறந்துபோன ஒரு பாட்டை ஒலிக்க வைக்க ஒரே ஓர் அட்டை போதும், நிலையத்தார் மனம்வைத்தால். எண்ணிக்கைப் பட்டியலில் அதற்கு வாசலே கிடையாது.

அந்தப் பட்டியலுக்கு 'அதிகம் பார்த்தவை' என்று பெயர் வைக்கட்டும். 'நேயர் விருப்பம்' என்று போட்டால், வாட்ஸ்அப்பில் வாங்கினாலும் சரி, கேட்டவர் பெயரையும் ஊரையும் வாசிக்க வேண்டும். ஒருவர் மட்டுமே கேட்ட பாட்டுக்கும் அதில் இடம் தர வேண்டும்.