அது பொம்மை ரயிலன்று

சிங்கப்பூரின் தேக்காச் சந்தையிலிருந்து சிராங்கூன் சாலையைக் கடந்தால் வரும் ஒரு பயண ஏற்பாட்டுக் கடையின் கண்ணாடியில், ஜூன் மாதப் பள்ளி விடுமுறையை முன்னிட்டு ஒட்டப்பட்டுள்ள வண்ணத்தாளில், ‘ஊட்டி பொம்மை ரயில்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளே சென்று விசாரித்தேன். “சின்ன வண்டி அண்ணே, மெதுவா ஊர்ந்து போகும், பிள்ளைகளுக்கு வேடிக்கையா இருக்கும், வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன பழைய சாமான்தானே” என்றார் அங்கிருந்த இளைஞர். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. நீலகிரி மலை ரயிலைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் கொண்டிருக்கும் அபிப்பிராயத்தையே அவரும் சொன்னார். ஆனால் அந்த அபிப்பிராயத்தில் உண்மையென்று ஏற்கத்தக்கது மிகச் சொற்பம் என்பதை எடுத்துச் சொல்லாமலிருக்க என்னால் இயலவில்லை.

சின்ன வண்டி என்பதை முதலில் பார்ப்போம். தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30 வரை நம்மையும் நம் பெற்றோரையும் ஜோகூர் கடந்து கோலாலம்பூருக்கு ஏற்றிச் சென்ற ரயிலை ஒருவரேனும் பொம்மை என்று அழைத்ததுண்டா? அந்தப் பாதையின் அகலம் 1 மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் பாதையின் அகலமும் அதே 1 மீட்டர். புக்கித் தீமாவின் பழைய நிலையத்தருகே, ஞாபகார்த்தமாக விட்டுவைத்திருக்கும் தண்டவாளங்களுக்கிடையே நின்று பார்த்தவர்கள் இதை ஒரு நொடியில் உணர்வார்கள். பொம்மை என்ற பெயர் டார்ஜிலிங் ரயிலைச் சுற்றிப் பிறந்து, தெற்கே வந்து ஒட்டிக்கொண்டது என்றே எண்ணுகிறேன். அதன் பாதை அகலம் 610 மில்லிமீட்டர். இமயச் சாரலில் ஏறும் அந்த வண்டியையும் பொம்மை என்பது அநியாயம். அது வேறு வழக்கு.

மெதுவாகப் போகிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் ஆட்சேபம். அதற்கு விரிவாகவே பதில் சொல்லவேண்டும். மலையடிவாரக் கல்லாறு முதல் குன்னூர் வரை சுமார் 20 கிலோமீட்டர் தூரத்துக்குள் நீலகிரி வண்டி ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரம் ஏறுகிறது. மிகச் செங்குத்தான இடங்களில் ஏறத்தாழப் பன்னிரண்டடி முன்னே சென்றால் ஓரடி மேலே சென்றாகவேண்டும். நூறடிக்கு ஓரடி உயர்வதையே பாரமாகக் கருதும் சாதாரண எஞ்சினை அங்கே நிறுத்தினால், அதன் சக்கரங்கள் வழவழப்பான தண்டவாளத்தின்மீது நின்ற இடத்திலேயே சுழலுமேயன்றி வண்டி நகராது. ஆகையால், ரோமன் ஆப்ட் என்னும் சுவிட்சர்லாந்து எஞ்சினியர் வகுத்த முறைப்படி, இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்களை, ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வருமாறு பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரங்கள் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறுகின்றன. எந்த க்ஷணத்திலும் ஏதேனும் ஒரு பல் முழுப் பிடிப்பில் இருந்துகொண்டே இருக்கும்.

இந்த எஞ்சினில் நான்கு நீராவி உருளைகள் உண்டு. கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் கீழிரண்டு உருளைகளுட் புகுந்து சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. அங்கே பாதி பலம் இழந்த அதே நீராவி, வீணே ஆகாயத்தில் கலந்துவிடாமல், மேலிரண்டு உருளைகளுட் சென்று பல்சக்கரங்களைச் சுழற்றுகிறது. வழியிலுள்ள ஹில்குரோ நிலையத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வண்டி மறுபடி புறப்பட்ட சமயம், பாதையோரம் நின்று இதைக் கவனித்தேன்: கீழே உள்ள இரும்புக் கைகள் நிதானமாக அசைய, மேலே உள்ளவை அவற்றைவிட விரைந்து துடிக்க, எண்ணெயும் நீராவியும் கலந்த உஷ்ணக் காற்று முகத்தில் மோதியது. சமவெளியில் பறக்கும் விரைவு வண்டியின் எஞ்சினில் இவ்வளவு வேலை நடப்பதில்லை. மணிக்கு 13 கிலோமீட்டர் என்பது அந்த யந்திரத்தின் பலவீனமன்று. அந்தச் சரிவில் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பத்திரமாக ஏற்றி இறக்குவதற்கென நிர்ணயிக்கப்பட்ட அளவு.

பல்சக்கரத்தை நம்பியவர்கள் சுவிஸ்காரர்கள் மட்டுமல்லர். அமெரிக்காவின் மிச்சிகன் காடுகளில் மரம் வெட்டிச் சுமந்த எஃப்ரேம் ஷே என்பவர், எஞ்சினின் பக்கவாட்டில் ஓர் அச்சை ஓட்டி, பல்லிணைகளால் எல்லாச் சக்கரங்களையும் சேர்த்துச் சுழற்றும் உபாயத்துக்கு 1881-இல் காப்புரிமை பெற்றார். ஒஹையோவின் லைமா தொழிற்சாலையிலிருந்து 1945 வரை அத்தகைய எஞ்சின்கள் இரண்டாயிரத்துக்கு மேல் வெளிவந்தன. தைவானின் அலிஷான் மலையிலிருந்து மரங்களை இறக்கியவையும் அவைதாம். 1905-இல் கட்டிய ஷே எஞ்சின் ஒன்று, மேற்கு வர்ஜீனியாவின் காஸ் என்னும் ஊரில், தான் ஆதியில் மரம் இழுத்த அதே மலையில் இன்றும் ஓடுகிறது. மெதுவாகப் போவது குறையானால் இவ்வளவு காலம் எவரும் இவற்றைக் கட்டியிருக்கமாட்டார்கள்.

வேடிக்கைக்காக ஓடும் வண்டி என்பாரும் உளர். நீலகிரி மலைக்கு ரயில் வேண்டுமென்ற யோசனை 1854-இலேயே எழுந்தது. குன்னூர் வரை வண்டி ஓடியது 1899-இல். உதகையை எட்டியது 1908-இல். அரை நூற்றாண்டுக் காலம் பலர் வாதாடிப் பெற்ற பாதை வேடிக்கைக்காகப் போடப்பட்டதென்றால் யார் நம்புவார்? ஏறும்போது எஞ்சின் பின்னே நின்று தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்தாக்கில் உருண்டோடாதிருப்பதற்கே அந்த ஏற்பாடு. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்காளர், கையில் கொடியோடு, கண்ணைப் பாதையில் வைத்து நிற்கிறார். ஐப்பசி மழையில் பாறை சரிந்து பாதை மூடினால், அதை அகற்றுவோர் அம்மலைத் தொழிலாளிகளே.

வெள்ளைக்காரன் விட்டுச் சென்றது என்ற கூற்றில் பாதி மெய். 1914 முதல் வந்த எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்தவை, மறுக்கவில்லை. ஆனால் நூறாண்டுக் கால உழைப்பில் தேய்ந்த ஒரு யந்திரம், விட்டுச் சென்றவன் பெயரால் ஓடுவதில்லை. பராமரிப்பவன் கையால் ஓடுகிறது. திருச்சி பொன்மலைப் பணிமனையில் 2011 முதல் இவ்வகையில் புதிய நீராவி எஞ்சின்களையே நம்மவர்கள் கட்டிவிட்டார்கள். உலகம் நீராவியைக் கைவிட்டபின், கொதிகலனையும் பல்சக்கரத்தையும் புதிதாக வார்த்தெடுத்த சாமர்த்தியத்தைப் பழைய சாமான் என்று யாரும் சொல்லத் துணியார். யுனெஸ்கோ 2005-இல் இப்பாதையை உலகப் பாரம்பரியமாக ஏற்றது.

இந்த விடுமுறையில் போகிறவர்கள், காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் வண்டி ஏறி, ஹில்குரோவில் நிற்கும்போது பிள்ளைகளை இறக்கி, பின்புறம் எஞ்சினருகே அழைத்துச் சென்று அந்த நான்கு உருளைகளையும் காட்டுங்கள். ஊர் திரும்பியபின், அக்கடையின் கண்ணாடியிலிருந்து பொம்மை என்ற சொல்லை எடுத்துவிடும்படி அந்த இளைஞரிடம் நீங்களும் சொல்லுங்கள்.