புது அலமாரியின் நெடி

கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலும் இப்போது புதுவீடு என்றால் பிளைவுட் அலமாரிதான். திறந்ததும் கண் எரிகிறதே, அதைப் 'புது வாசனை' என்று ரசிப்பவர்களும் உண்டு! பலகையை ஒட்டிய யூரியா ஃபார்மால்டிஹைடு பசை ஐப்பசி ஈரத்தில் சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளிவிடும். சித்திரை வெயிலில் வாயு வேகமாகக் கிளம்பும். இந்த ஃபார்மால்டிஹைடைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்திவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் சொன்ன வரம்பு, அரைமணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு வெறும் 0.1 மில்லிகிராம். மண்சுவர் வீட்டில் இந்தப் பசை இல்லை (விறகுப் புகையில் இதே வாயு இருந்தது, அது வேறு கதை). கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கிறோம். அலமாரியை அதற்குச் சில மாதம் முன்பே செய்து, ஜன்னல்களைத் திறந்துபோட்டு நெடியை வெளியேற்றலாமே. கடையில் பலகைக்கு விலை பேசுமுன், இந்த வாயுவைக் குறைவாக வெளிவிடும் 'ஈ-1' தரமா என்றும் கேளுங்கள்.