மணி ஆடினால் கூலியும் ஆடும்



கரையோரக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்குத் தூண்டிலும் தங்கூசியும் புதியவையல்ல. ஆனால் இம்மாதம் நாம் பார்க்கவிருப்பது கடலுக்குக் கொண்டுபோகும் தூண்டில் அல்ல. நகத்தளவான ஒரு முள்ளில் நூல், இறகு, மயிர் ஆகியவற்றைச் சுற்றி, நீரில் வாழும் பூச்சியைப் போலத் தோற்றமளிக்கச் செய்யும் பூச்சித் தூண்டில் அது. 'பிளை' என்றும் சொல்வார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகளில் ட்ரவுட் மீன் பிடிப்போர் இதனைப் பயன்படுத்துகின்றனர். இவை ஒவ்வொன்றாகக் கையாலேயே கட்டப்படுகின்றன. கென்யா, தாய்லாந்து போன்ற நாடுகளிலும் எமது நாட்டிலும் பெண்கள் பலர் ஏற்றுமதிக்காக இவற்றைக் கட்டி வருகிறார்கள்.

துண்டுக் கணக்கில் கூலி பெறும் பெண்ணுக்கு, தரம் பார்ப்பவர் ஒதுக்கி வைக்கும் ஒவ்வொரு தூண்டிலும் நட்டமே. தூண்டிலின் தலையில் இருக்கும் சிறு மணி ஆடுவதும் அப்படி ஒதுக்கப்படுவதற்கு ஒரு காரணம். எனவே மணியை இறுக்கும் முறையைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மணி அழகுக்காக மட்டும் வைக்கப்படுவதல்ல. ட்ரவுட் மீன் பெரும்பாலும் ஆற்றின் அடியில் இரை தேடும். தூண்டிலை அங்கே இறக்குவது மணியின் பாரமே. பித்தளை மணியைவிட டங்ஸ்டன் மணி இரண்டு மடங்குக்கும் அதிகமாகக் கனக்கும். ஆற்றின் அடியில் மணி கற்களில் மோதிக்கொண்டே இருக்கும். ஆடுகின்ற மணியின் விளிம்பு பின்னாலுள்ள நூலை அறுத்துவிடும். நூல் அறுந்தால் முழு வேலையும் அவிழ்ந்துவிடும்.

முதலில் முள்ளின் கூர்முனைக்கு அருகேயுள்ள எதிர்முள்ளைக் குறட்டால் மெதுவாக அழுத்திவிடுங்கள். மணியின் துளையைக் கவனித்தால் ஒரு பக்கம் சிறிதாகவும் மறுபக்கம் அகன்றும் இருக்கும். சிறிய துளை முன்னே போகும்படி கூர்முனை வழியாகக் கோத்து, முள்ளின் கண்வரை தள்ளுங்கள். மாறிக் கோத்தால் அகன்ற துளை கண்ணின் மேல் ஏறிவிடும். அளவும் முக்கியம். 16ஆம் இலக்க முள்ளுக்கு 2 முதல் 2.5 மில்லிமீற்றர் வரையான மணியும், 12ஆம் இலக்கத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் மணியும் பொருந்தும். முள்ளின் இலக்கம் கூடக்கூட முள் சிறிதாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

மணியை இறுக்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, நூல் அணை. மணிக்குப் பின்னால் ஒட்டினாற்போல் நூலைச் சுற்றிச் சுற்றிச் சிறு மேடு எழுப்ப வேண்டும். மணியின் பக்கம் உயர்ந்தும் வால் பக்கம் சரிந்தும் இருக்கட்டும். சிறிய மணிக்கு இதுவே போதும்.

இரண்டாவது, கம்பி. முள்ளின் தண்டில் மெல்லிய கம்பியை ஆறு முதல் பத்துச் சுற்று வரை சுற்றி, அந்தச் சுருளை அப்படியே மணியின் அகன்ற துளைக்குள் தள்ளுங்கள். சுருளின் பின்புறத்தை நூலால் கட்டிவிட்டால் மணி பின்னே வராது. தூண்டிலுக்குப் பாரமும் கூடும். கண் வளைந்த முள்ளுக்கு வரும் பிளவுள்ள மணியில் உள்ளிடைவெளி அதிகம் என்பதால் அதற்கு இம்முறையே நல்லது. பிளவு முள்ளின் வளைவில் சரியாக அமரும்வரை மணியை உருட்டிப் பார்த்து, அதன்பின் கம்பியைத் தள்ளுங்கள்.

மூன்றாவது, பசை. நூல் மேட்டின் மீது சுப்பர் குளூவை ஊசிமுனையால் ஒரு பொட்டு மட்டும் வைத்து மணியை அதன்மேல் அழுத்துங்கள். குப்பியிலிருந்து நேரே ஊற்றினால் பசை முள்ளின் கண்ணை அடைத்துவிடும். கண் அடைபட்ட தூண்டிலில் தங்கூசி நுழையாது, அதையும் ஒதுக்கிவிடுவார்கள்.

இறகைத் தொடுவதற்கு முன்பே மணியை இரு நகங்களுக்கிடையே பிடித்துத் திருப்பிப் பாருங்கள். சற்றே அசைந்தாலும் அவிழ்த்து மீண்டும் சுற்றுங்கள். அப்போது போவது ஒரு முழ நூல்தான். எல்லாம் கட்டி முடித்த பின் தெரிந்தால் முழுத் தூண்டிலும் போய்விடும்.

உடலையும் கவனிக்க வேண்டும். கம்பி ஈயமாக இருக்கலாம். ஈயம் நஞ்சு, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பெருங்கேடு. கம்பியைப் பல்லால் கடிக்கவோ வாயில் வைத்துக்கொள்ளவோ வேண்டாம். வேலை மேசையில் சாப்பிட வேண்டாம். எழுந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். ஈயமல்லாத கம்பியும் உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். விரல்கள் பசையில் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் இளஞ்சூடான சவர்க்கார நீரில் ஊறவிடுங்கள்.

கண்ணும் எமது முதலீடுதான். ஸ்கொட்லாந்தின் வடபகுதியில் மேகன் பொய்ட் என்றொரு பெண் இருந்தார். மின்சாரம் இல்லாத சிறு வீட்டில் பல ஆண்டுகள் இருந்து, சால்மன் மீனுக்கான பூச்சித் தூண்டில்கள் கட்டினார். அவருடைய தூண்டில்களில் மணி கிடையாது. அவர் மீன் பிடிப்பவரும் அல்ல. ஆனாலும் அவருடைய கைவேலைக்காக 1971இல் பிரித்தானிய அரசின் பதக்கம் வழங்கப்பட்டது. கடைசியில் பார்வை குறைந்தே தொழிலை விட்டார், 2001இல் காலமானார். ஆகவே நல்ல வெளிச்சத்தில் இருந்து வேலை செய்யுங்கள். இடைக்கிடையே தலை நிமிர்ந்து தூரத்து மரத்தையாவது பாருங்கள்.

இவ்வகை வேலையில் சேருமுன் சில கேள்விகளைக் கூச்சமின்றிக் கேளுங்கள். ஒரு டசினுக்கு எவ்வளவு? எந்தத் திகதியில் பணம் தருவீர்கள்? ஒதுக்கப்பட்ட தூண்டிலின் மூலப்பொருள் செலவு யாருடையது? பயிற்சிக்கோ பொருளுக்கோ முற்பணம் கட்டச் சொன்னால், எழுத்தில் பெறாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். கடன் பட்டுக் கட்டவும் வேண்டாம். தொழில்தருநரின் கீழ் துண்டுக் கணக்கில் வேலை செய்பவருக்கும் ஊழியர் சேமலாப நிதி உரிமையானது. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழித்தால் அவர் 12 வீதம் சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம் அவரே செலுத்த வேண்டும். செலுத்தாவிட்டால் உங்கள் பகுதித் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம். கணவனை இழந்து தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் சகோதரிகளுக்கு முதுமையில் கைகொடுக்கும் பணம் இது.

பழகத் தொடங்குவோர் முதல் வாரம் இறகையே தொட வேண்டாம். பத்து முள்ளில் மணியை மட்டும் இறுக்கிப் பழகுங்கள். பத்தையும் நகத்தால் திருப்பிப் பாருங்கள். பத்தும் அசையாத அன்று இறகைக் கையில் எடுங்கள்.