மலாக்கா என்றதும் எது ஞாபகத்துக்கு வருது? ஒரு நகரத்தின் பிம்பத்தை ஆய்வாளர்கள் எப்படி அறிகிறார்கள்

மலாக்கா என்றதும் உங்கள் மனதில் முதலில் வருவது எது? சிவப்பு ஸ்டாட்ஹைஸ் கட்டடம், ஆ ஃபாமோசா கோட்டை வாசல், ஜோங்கர் ஸ்ட்ரீட், பாட்டுப் போட்டுக்கொண்டு ஓடும் பெச்சா. பலருக்கும் இவைதான். தங்கா பத்து வராது. ஆனால் அதுவும் மலாக்கா தெங்கா மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஓர் ஊரைப் பற்றி மக்கள் மனதில் பதிந்திருக்கும் படத்தை ஆய்வாளர்கள் 'நகர பிம்பம்' என்கிறார்கள்.

அதை எப்படி ஆராய்கிறார்கள்?

இதற்கு வழி காட்டியவர் அமெரிக்க நகரத் திட்டமிடல் அறிஞர் கெவின் லிஞ்ச். பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரவாசிகளிடம், ஞாபகத்தில் இருந்தே ஊரை வரையச் சொன்னார். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியையும் விவரிக்கச் சொன்னார். பாதை, எல்லை, வட்டாரம், சந்திப்பு, அடையாளச் சின்னம் ஆகிய ஐந்தையும் வைத்தே மக்கள் ஊரை மனதில் கட்டுகிறார்கள் என்று 1960-ல் எழுதினார்.

இப்போது கருத்துக்கணிப்பு, விளம்பரங்கள், செய்திகள், சமூக ஊடகப் படங்கள் எல்லாவற்றையும் அலசுகிறார்கள். எந்த இடத்தை எத்தனை பேர் படம் எடுத்தார்கள் என்றுகூட எண்ணலாம்.

யாரைக் கேட்கிறோம்?

இங்கேதான் சிக்கல். லிஞ்ச் பாஸ்டனில் சுமார் 30 பேரையும், மற்ற இரண்டு நகரங்களிலும் தலா 15 பேரையும்தான் கேட்டார். அவர்களில் பெரும்பாலோர் ஆபீஸ் வேலை பார்த்த நடுத்தர வர்க்கத்தினர்.

பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் பல தரப்பினரையும் வரையச் சொன்னபோது வித்தியாசம் தெரிந்தது. வசதியானவர்கள் நகரம் முழுவதையும் விரிவாக வரைந்தார்கள். பாயில் ஹைட்ஸ் பகுதியின் ஸ்பானிய மொழிக்காரர்கள் வரைந்ததோ சில தெருக்கள், நகர மண்டபம், பஸ் நிலையம், அவ்வளவுதான். ஊர் ஒன்று, படம் வேறு.

மலாக்காவில் என்ன நிலைமை?

2008 ஜூலை 7-ல் ஜோர்ஜ் டவுனோடு சேர்ந்து மலாக்காவும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அந்த அங்கீகாரம் செயின்ட் பால் குன்றையும் ஆற்றங்கரைப் பழைய தெருக்களையும் மையமாகக் கொண்டது. 1781-ல் கட்டப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அங்கே ஜாலான் துக்காங் எமாஸில் இருக்கிறது. ஆக, தமிழர் வரலாறு அந்தப் படத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் வரலாறு அந்தத் தெருக்களில் கிடைக்காது.

சுற்றுப்பயணிகளின் படங்களை மட்டும் எண்ணினால் விடை எப்பவும் சிவப்புக் கட்டடம்தான். தங்கா பத்துக்காரர் ஒருவரை வரையச் சொன்னால், பந்தாய் புத்ரி கடற்கரையும், சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையும், மலாக்கா செண்ட்ரல் பஸ் நிலையமும் பெரிதாக வரலாம்.

இதனால் நமக்கு என்ன?

பிம்பம் வெறும் போஸ்டர் விஷயம் இல்லை. எந்தக் கட்டடத்தைப் பாதுகாப்பது, எங்கே பெயர்ப்பலகை வைப்பது, பஸ்ஸை எந்தப் பக்கம் விடுவது என்பதில் அதற்கும் பங்கு உண்டு. படத்தில் இல்லாத இடம் திட்டத்திலும் சுலபமாக விடுபட்டுப் போகும்.

இந்த ஆய்வுக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் அவர்களுக்குத் தெரிந்த மலாக்காவை வரையச் சொல்லிப் பாருங்கள். பல தோட்டங்கள் இன்று தாமான்களாகிவிட்டன. லயம் எங்கே இருந்தது, கோயிலுக்கு எந்தப் பாதையில் போனார்கள் என்பதை கூகுள் மேப் காட்டாது. அதை வரைந்து காட்டக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.