மந்தம் மாணவனிடமா, மதிப்பிலா?

விரிஞ்சிபுரம் என்றால் மதிலழகு என்பார்கள். கோயில் மதில் அழகாகவே இருக்கட்டும். அதனோடு நமக்கு வழக்கில்லை. கல்லும் சுண்ணாம்பும் இல்லாமல் வகுப்பறைக்குள் ஒரு மதில் நிற்கிறதே, அதைப் பற்றித்தான் பேசுகிறோம்.

பஸ் ஏறி ஆம்பூருக்குப் போய், நாள் முழுதும் தோல் ஷாப்பில் ஈரத்தோலைப் புரட்டுகிறான் தகப்பன். அவன் பிள்ளை கடைசிப் பெஞ்சில்! கணக்குத் தப்பினால், "உனக்கெதுக்குடா இதெல்லாம்? அப்பன்கூடத் தோல் ஷாப்புக்குப் போ" என்கிறார் வாத்தியார். முன்பெஞ்சுப் பிள்ளை அதே கணக்கில் தவறினால், "நீயா இப்படி? மறுபடி யோசி" என்கிறார். தப்பு ஒன்றுதான்; ஒருவனுக்குத் தீர்ப்பு, மற்றவனுக்கு வாய்ப்பு! யாரும் கேள்வி கேட்காத பிள்ளை வாயை மூடிக்கொள்கிறான். பிறகு குறும்பு செய்கிறான். பிறகு பள்ளிக்கே முழுக்குப் போடுகிறான். "அன்றே சொன்னேனே!" என்கிறார் வாத்தியார். சொன்னதால்தானய்யா நடந்தது என்கிறோம் நாம்.

எல்லா ஆசிரியரையும் சொல்லவில்லை. சேரிப் பிள்ளையின் தோளில் கைபோட்டு, "உன்னால் முடியும்" என்ற ஆசிரியர்கள் இருந்ததால்தான் நம்மில் பலர் இன்று ஏடு படிக்கிறோம்.

ஆனால் இந்த மதிப்பீட்டையே அரசு திட்டமாக்கிய காலமும் உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில், கிராமத்துப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளி. மிச்ச நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயரிட்டுக் கொதித்தெழுந்தது நாடு. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் முதலமைச்சராகித் திட்டத்தைக் கைவிட்டார். திட்டம் செத்தது, சில வாத்தியார்களின் நாக்கில் அது இன்னும் உயிரோடிருக்கிறது!

"படிப்பு ரத்தத்தில் வரவேண்டும்" என்போருக்கு ஒரு சேதி. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள், மேல்சாதிச் சிறுவர் 321 பேருக்கும் தாழ்த்தப்பட்ட சிறுவர் 321 பேருக்கும் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது இருசாராரும் ஏறக்குறையச் சமமாகவே போட்டார்கள். அப்பன் பெயர், பாட்டன் பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லார் முன்னும் அறிவித்தபோது, தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் பின்தங்கினார்கள். 2006இல் வெளிவந்த ஆய்வு இது. அதே வயது, அதே வகைப் புதிர்! ரத்தமா மாறியது?

அமெரிக்காவிலும் பார்த்தார்கள். ரோசந்தால், ஜேக்கப்சன் என்ற இருவர், குருட்டுச் சீட்டுப்போல் சில பெயர்களைப் பொறுக்கி, "இவர்கள் மளமளவென்று வளரப்போகிறவர்கள்" என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். ஆண்டு முடிவில் சின்ன வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளே முந்தி நின்றார்கள். 1968இல் வந்த அந்நூலின் கணக்கைப் பற்றி அறிஞர்களுக்குள் சச்சரவு உண்டு, நடக்கட்டும். நம்பிக்கை வைத்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

2023இல் நாங்குநேரியில் மாணவனை மாணவரே வெட்டிய கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி கூடாது, சாதியைச் சுட்டி ஆசிரியர் மாணவனை அழைக்கக் கூடாது என்றது. ஏட்டில் அழிப்பது எளிது. நாக்கில் அழிப்பது யார்?

தோழர்களே, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே. அந்த நாற்காலி உங்களுடையது! ஷிப்டைச் சாக்குச் சொல்லாமல் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். சண்டைக்கல்ல, கேட்பதற்கு: கடைசிப் பெஞ்சில் இருப்பவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்? இந்த மாதம் அவர்களிடம் எத்தனை கேள்வி கேட்டீர்கள்?